செய்தி வரியை அடித்துவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள்

யு.பி.எஸ்.சி. நடத்தும் குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்கு (விரித்து விடை எழுதும் தேர்வு) எழுதிப் பழகுகிறவர்களின் விடைத்தாள்களைத் திருத்திக் கொடுப்பது சில வருஷங்களாக என் வேலைகளில் ஒன்று. பெரும்பாலும் தமிழில் எழுதுகிறவர்கள். அண்மையில் ஆளுநர் பதவி பற்றி ஒரு 15 மதிப்பெண் கேள்வி கொடுத்திருந்தோம்: மசோதாக்கள் மீது ஆளுநருக்கு இருக்கும் அதிகாரம் கூட்டாட்சியின் சமநிலையை எப்படிப் பாதிக்கிறது, விமர்சன நோக்கில் ஆராய்க. வந்த தாள்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே மாதிரி தொடங்கின. "சமீபத்தில், 2025 ஏப்ரல் 8 அன்று, தமிழ்நாடு அரசுக்கும் ஆளுநருக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம்..." மசோதாக்கள் மீது முடிவெடுக்க ஆளுநருக்குக் காலக்கெடு விதித்து, அவர் நிறுத்திவைத்திருந்த மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருதிய தீர்ப்பு அது. தேதி சரி. முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்குச் சிறப்பு அதிகாரம் தரும் பிரிவு 142 சரி. 10 மசோதாக்கள் என்ற கணக்கும் சரி. சிலர் நீதிபதிகளின் பெயரைக்கூட எழுதியிருந்தார்கள். அடுத்த பத்தியில் ஆளுநர் பதவி, மசோதா ஒப்புதல் பற்றிய பிரிவு 153, 163, 200, 201 வரிசையாக வந்தன. அப்புறம் மத்திய-மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா ஆணையம், பூஞ்சி ஆணையம். கடைசியில் தீர்வு என்று ஒரு வரி: "உச்ச நீதிமன்றம் வகுத்த காலக்கெடுவை ஆளுநர்கள் தவறாமல் பின்பற்ற வேண்டும்."

அந்தக் கடைசி வரிதான் என்னை விடவே இல்லை. ஏப்ரல் தீர்ப்புக்குப் பிறகு மே மாதம் குடியரசுத் தலைவர் பிரிவு 143-இன் கீழ் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். ஐந்து நீதிபதிகள் அமர்வு 2025 நவம்பர் 20 அன்று தன் கருத்தைச் சொல்லிவிட்டது: நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாக நீதிமன்றமே கருதிக்கொள்ளவும் முடியாது. இதெல்லாம் எழுதினவர்களுக்குத் தெரியாதா என்றால், தெரியும். பாதிப் பேர் நடுவில் ஒரு புள்ளி போட்டு நவம்பர் கருத்தையும் எழுதியிருந்தார்கள். எழுதிய கையோடு, இரண்டு பத்தி தள்ளி, இல்லாமல் போன காலக்கெடுவைப் பின்பற்றச் சொல்லி முடித்திருந்தார்கள். செய்தி தாளுக்குள் வந்திருக்கிறது, ஆனால் எழுதுகிறவரின் யோசனைக்குள் வரவில்லை. இதை மறதி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இத்தனை பேர் ஒரே இடத்தில் தடுக்குகிறார்கள் என்றால், நாம் நடப்பு நிகழ்வுகளைச் சொல்லிக் கொடுக்கிற விதத்திலேயே ஏதோ கோளாறு இருக்கிறது.

பயம்தான் எழுதவைக்கிறது

ஒரு தம்பியிடம் கேட்டேன், அந்த முதல் வரி எதற்கு என்று. "அக்கா, செய்தி இல்லாம ஆரம்பிச்சா, பேப்பரே படிக்காத ஆளுன்னு நினைச்சிர மாட்டாங்களா?" என்றார். ரொம்ப நேர்மையான பதில். படித்ததைக் காட்டியாக வேண்டும் என்ற பயம் அது. இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. முதன்மைத் தேர்வுக்குத் தேர்வாணையம் மாதிரி விடை வெளியிடுவதில்லை. திருத்திய விடைத்தாளைக் கேட்டாலும் கிடைக்காது. அதைக் கொடுக்கச் சொல்லி எழுந்த வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றமும் ஆணையத்தின் பக்கம்தான் நின்றது. ஆக, எது மதிப்பெண் வாங்குகிறது என்று யாருக்கும் நேரடியாகத் தெரியாது. அந்த வெற்றிடத்தில் வதந்திதான் நிரம்புகிறது. டாப்பர்களின் விடைகள் என்று கையில் சுற்றுவதும் அவர்கள் டெஸ்ட் சீரிஸில், அதாவது பயிற்சிக்கான மாதிரித் தேர்வுகளில், எழுதியவைதான், தேர்வறையில் எழுதியவை இல்லை. அவற்றில் செய்தி அதிகமாகத் தெரிந்தால், செய்திக்குத்தான் மதிப்பெண் என்று பேச்சு கிளம்பிவிடுகிறது.

பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். முதல்நிலைத் தேர்வின் பொதுத் தாளில் நடப்பு நிகழ்வுகள்தான் முதல் வரி. முதன்மைத் தேர்வின் நான்கு பொது அறிவுத் தாள்களில் எதிலும் அப்படி ஒரு தலைப்பு தனியாகக் கிடையாது. கூட்டாட்சி இருக்கிறது, பேரிடர் மேலாண்மை இருக்கிறது, நலிந்த பிரிவினருக்கான திட்டங்கள் இருக்கின்றன. இவற்றைப் பற்றி யோசிக்கும்போது இன்றைய உலகம் தானாக உள்ளே வரும் என்பதுதான் எதிர்பார்ப்பு. முதல்நிலைத் தேர்வுக்குச் சேர்த்த பழக்கத்தை, அதாவது தேதி, பெயர், எண் என்று மனப்பாடம் செய்வதை, அப்படியே முதன்மைத் தேர்வுக்கும் தூக்கிக்கொண்டு வருகிறோம். அங்கே நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உதவியது, இங்கே 250 சொல்லில் 40 சொல்லைத் தின்றுவிடுகிறது. மூன்று மணி நேரத்தில் 20 கேள்வி என்றால் ஒன்றுக்குச் சராசரியாக 9 நிமிடம். அதில் தேதியும் அமர்வும் எழுதிப் போகிற நேரத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

வெள்ளத்தைப் பற்றி ஒரு விடை

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து ஒரு காரியம் செய்தோம். ஒருவர் தாளை இன்னொருவர் வாங்கி, அதில் உள்ள நடப்புச் செய்தி வரிகளைப் பென்சிலால் அடித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் சத்தமாகப் படிக்க வேண்டும். எந்த விடை நொண்டுகிறது, எது அப்படியே நிற்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். ஆளுநர் விடைகள் எல்லாம் அப்படியே நின்றன. சிலது முன்பைவிட நன்றாகக்கூட இருந்தன. முதல் பத்தி போனதும் கேள்விக்கு நேராகப் பதில் தொடங்கியது.

அடுத்து எடுத்தது பேரிடர் மேலாண்மைக் கேள்வி. நிவாரணத்தை மையமாகக் கொண்ட அணுகுமுறையிலிருந்து ஆயத்தநிலைக்கு இந்தியா மாறியிருக்கிறதா என்பது கேள்வி. வழக்கம்போல 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டம், பேரிடர் அபாயத்தைக் குறைப்பதற்கான ஐ.நா.வின் செண்டாய் கட்டமைப்பு, தேசியப் பேரிடர் மீட்புப் படை, வயநாடு நிலச்சரிவு, ஜோஷிமட் நில அமிழ்வு எல்லாம் ஏறக்குறைய எல்லாத் தாளிலும் இருந்தன. அடித்தார்கள், எதுவும் ஆகவில்லை. ஒரு பெண்ணின் தாளை வாசிக்கத் தொடங்கிய பையன் மட்டும் இரண்டாம் வரியிலேயே நின்றுவிட்டான். "அக்கா, இதை அடிச்சா பதிலே இல்ல."

அவர் எழுதியிருந்தது ஏறக்குறைய இப்படி: ஆயத்தநிலை வந்திருக்கிறது, ஆனால் அது புயலுக்கான ஆயத்தநிலை. 1999 பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேரைப் பறிகொடுத்த ஒடிசா, 2013-இல் ஃபைலின் வந்தபோது சுமார் 10 லட்சம் பேரை முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றியது. 2023 டிசம்பர் 17, 18-இல் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 செ.மீ. மழை பெய்தபோது அங்கே புயலே இல்லை. மேலடுக்குச் சுழற்சிதான். புயலுக்குப் பெயர் உண்டு, பாதை உண்டு, கரையைக் கடக்கும் நேரம் உண்டு. மாவட்ட நிர்வாகம் முழுக்க அந்த நேரத்தை வைத்துத்தான் இயங்கப் பழகியிருக்கிறது. பெயரில்லாத மழைக்கு அந்த இயந்திரம் சுழலத் தொடங்கும் புள்ளியே இல்லை. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனதை அவர் ஒரே வரியில் சொல்லியிருந்தார்: கரையோர கிராமத்தை வெளியேற்றத் தெரிந்த அமைப்புக்கு, ஓடிக்கொண்டிருந்த ரயிலை எங்கே நிறுத்தினால் ஆபத்தில்லை என்று யோசிக்கும் வழக்கம் இருக்கவில்லை.

அதோடு விடவில்லை. 2025-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தத்தை எடுத்துக்கொண்டார். மற்றவர்களும் அதை எழுதியிருந்தார்கள், "நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க வழி செய்யும் வரவேற்கத்தக்க திருத்தம்" என்று. அந்த ஆணையம் மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும்தான். காயல்பட்டினம் நகராட்சி. ஸ்ரீவைகுண்டம் பேரூராட்சி. ஆக, அவர் எந்த வெள்ளத்தை வைத்து வாதத்தைத் தொடங்கினாரோ, அந்த ஊர்களுக்கே புதிய திருத்தம் எட்டவில்லை. மாவட்ட அளவில் ஆணையம் ஏற்கெனவே உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, ஆற்றுப்படுகையில் உள்ள சிறு நகரங்களுக்கும் ஊரளவிலான திட்டம் வேண்டும் என்று முடித்திருந்தார். இந்த முடிவை வேறு எந்தத் தாளிலும் நான் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. அந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்தவருக்கு மட்டும்தான் அந்த முடிவு கிடைக்கும்.

சொல்கிற தகவலில் அவர் மற்றவர்களைவிட அதிகமாக எதுவும் வைத்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வயநாடும் ஜோஷிமட்டும் அவர் தாளில் இல்லவே இல்லை. இரண்டு மூன்று நிகழ்வுகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு வேலை பார்த்தது: ஒடிசா, மாற்றம் உண்மை என்று காட்டியது. காயல்பட்டினம், அந்த மாற்றம் எங்கே நிற்கிறது என்று காட்டியது. திருத்தம், அரசு எந்தத் திசையில் போகிறது, எதை இன்னும் தொடவில்லை என்று காட்டியது. செறிவான விடை என்று நாம் சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன். பத்து நிகழ்வுகளின் பெயர் வரிசையாக வருவது செறிவு கிடையாது, அடர்த்தியாகத் தெரியும், அவ்வளவுதான்.

ஆளுநர் கேள்விக்குத் திரும்பினால்

அந்த வெள்ள விடையைப் படித்த பிறகு ஆளுநர் கேள்வியை மறுபடி எழுதிப் பார்த்தோம். முதலில் செய்தியை மறந்துவிட்டு, சிக்கல் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டோம். பிரிவு 200 ஆளுநருக்கு வழிகளைச் சொல்கிறது. மசோதாவைத் திருப்பி அனுப்புவதென்றால் இயன்ற விரைவில் அனுப்பச் சொல்கிறது. இத்தனை நாளுக்குள் என்று எங்கேயும் சொல்லவில்லை. அந்த இடைவெளியை மரபு நிரப்பும் என்று நம்பினார்கள். மரபு நிரப்பாதபோது யார் நிரப்புவது? கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இப்போது 2025-இன் இரண்டு நிகழ்வுகளைக் கொண்டுவந்து வையுங்கள். ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு, அந்த இடைவெளியை நீதிமன்றமே நிரப்பலாம் என்றது. நவம்பரில் அரசமைப்பு அமர்வு, நாள் கணக்கு போட நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றது. அதே சமயம், ஆளுநர் மசோதாவைத் திருப்பியும் அனுப்பாமல் வெறுமனே நிறுத்திவைக்க முடியாது என்றும், காலவரையின்றி முடிவெடுக்காமல் இருந்தால் முடிவெடுக்கும்படி சொல்ல மட்டும் நீதிமன்றம் தலையிடலாம் என்றும் சொன்னது.

இப்படி வைத்துப் பார்த்ததும் தீர்வுப் பத்தி தானாக மாறிவிட்டது. நீதிமன்றம் வழியாகக் காலக்கெடு என்ற கதவு மூடியிருக்கிறது. மிச்சமிருப்பது அரசமைப்புத் திருத்தம், இல்லையென்றால் ஆளுநர் நியமனத்திலேயே மாநிலத்தைக் கலந்து பேசும் நடைமுறை. சர்க்காரியா ஆணையம் 1988-இலேயே முதலமைச்சரைக் கலந்தாலோசிக்கச் சொல்லியிருக்கிறது. பழைய ஆணையங்களின் பரிந்துரைகளைப் பெரும்பாலும் பேருக்குத்தான் எழுதுவோம். இந்த இடத்தில் அவை உயிரோடு வந்து நிற்கின்றன, ஏனென்றால் நவம்பர் கருத்துக்குப் பிறகு அவைதான் கையில் இருக்கும் வழி. நிலையான பாடம், நடப்பு நிகழ்வு என்று நாம் இரண்டு நோட்டு போட்டுப் பிரித்து வைத்திருக்கிறோமே, அது படிக்கிற வசதிக்கான பிரிவு மட்டும்தான். விடைக்குள் வரும்போது ஒன்றுக்கு இன்னொன்று தேவைப்பட வேண்டும்.

மறுபடி எழுதியதில் தேதிகள் குறைந்துவிட்டன. ஏப்ரல், நவம்பர் என்ற மாதம் மட்டும் இருந்தது. நீதிபதிகள் பெயர் போய்விட்டது. அந்தத் தம்பிக்கு முதலில் மனசு கேட்கவில்லை, கஷ்டப்பட்டு மனப்பாடம் செய்ததாயிற்றே. தேதி ஞாபகம் இருந்தால் எழுதுங்கள், தப்பில்லை. ஞாபகம் இல்லை என்பதற்காக வாதத்தை விட்டுவிடாதீர்கள், அதுதான் பெரிய நஷ்டம்.

செய்திக்கும் ஒரு பூர்வீகம் உண்டு

தமிழில் எழுதுகிறவர்களிடம் ஒரு தாழ்வு மனப்பான்மை இருக்கிறது: ஆங்கில நாளிதழ் சரளமாகப் படிக்க வரவில்லை, மாதத் தொகுப்பு மொழிபெயர்ந்து வருவதற்குள் செய்தி ஆறிவிடுகிறது, அதனால் நாம் பின்தங்கியிருக்கிறோம் என்று. ஆங்கிலம் படிக்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. முதல்நிலைத் தேர்வின் வினாத்தாளே ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. ஆனால் முதன்மைத் தேர்வில் எடுத்துக்காட்டு என்று வரும்போது நம்மிடம் இருப்பது குறைவான சரக்கு இல்லை. 2024 ஆகஸ்ட் 1-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 6:1 என்ற கணக்கில் பட்டியல் சாதிகளுக்குள் உள்ஒதுக்கீடு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றது. பஞ்சாப் வழக்கு அது, அப்படிப் பிரிக்கக் கூடாது என்ற 2004-இன் சின்னையா தீர்ப்பைத் தள்ளியது. எல்லோரும் இதை எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு 2009-இலேயே சட்டமாகிவிட்டது, அந்தச் சட்டத்துக்கு இந்தத் தீர்ப்பு வலு சேர்த்தது என்பதை எழுதுகிறவர்கள் சிலர்தான். தேசியச் செய்தியாக வந்த ஒன்று நம் ஊரில் பதினைந்து வருஷமாக நடைமுறையில் இருந்திருக்கிறது. உள்ஒதுக்கீடு நடைமுறையில் சாத்தியமா என்ற கேள்விக்கு இதைவிட நேரான சான்று எங்கே கிடைக்கும்?

காலை உணவுத் திட்டமும் அப்படித்தான். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கியது, முதல் கட்டத்தில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகள் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மதிய உணவு 1950-களிலேயே வந்துவிட்ட மாநிலத்தில், அறுபது வருஷத்துக்கு மேல் கழித்து, காலை உணவு ஏன் தேவைப்பட்டது என்று ஒரு நிமிடம் யோசித்தால் விடை வேறு மாதிரி ஆகிவிடும். அப்பாவும் அம்மாவும் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் வீட்டில், அரிசி இருந்தாலும் குழந்தை சாப்பிடாமல்தான் பள்ளிக்கு வரும். உணவு கிடைப்பதும் உண்ணக் கிடைப்பதும் வேறு வேறு என்பதை ஊட்டச்சத்து, கல்வி, பெண்களின் வேலை ஆகிய மூன்று கேள்விகளிலும் இந்த ஒரே திட்டம் விளக்கிக் காட்டும். தமிழ் நாளிதழின் மாவட்டப் பக்கம் படிக்கிறவர்களுக்கு இந்த மாதிரி விஷயம் கை நிறையக் கிடைக்கும். அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டித் தள்ளுகிறோம்.

கட்டுரைத் தாளுக்கு இவ்வளவு செய்தி தேவையில்லை, ஓரிரு இடத்தில் தொட்டுவிட்டுப் போனால் போதும். அறவியல் தாளில் பதவியில் இருப்பவர்களின் பெயரை உதாரணமாகப் போடுவதைத் தவிர்க்கச் சொல்வேன். இன்று புகழப்படுகிறவர்மேல் நாளை என்ன செய்தி வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. செயலைச் சொல்லுங்கள், பெயர் வேண்டாம்.

குறிப்பு எப்படி எடுப்பது என்று கேட்பவர்களுக்கு. ஜனவரி, பிப்ரவரி என்று மாதவாரியாக நோட்டு போடாதீர்கள். முதன்மைத் தேர்வுப் பாடத்திட்டத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு செய்தி வந்தால் எந்தப் பக்கத்துக்குப் போகும் என்று தெரிய வேண்டும். எந்தப் பக்கத்துக்கும் போகவில்லை என்றால் விட்டுவிடுங்கள், வருத்தப்பட வேண்டாம். பக்கத்தில் எழுதும்போது என்ன நடந்தது என்று ஒரு வரி போதும். அடுத்த வரியில், இதனால் ஏற்கெனவே அந்தப் பக்கத்தில் இருக்கும் எந்தக் கருத்து மாறுகிறது என்று எழுதுங்கள். எதுவும் மாறவில்லை என்றால் அந்தச் செய்தி அங்கே தேவைதானா என்று பாருங்கள். தாளில் பாதியைக் காலியாக விடுங்கள். ஏப்ரலில் எழுதியதை நவம்பரில் திருத்த இடம் வேண்டும்.

தேர்வு நெருங்கும்போது எல்லோரும் புதிய செய்தி தேடி ஓடுகிறார்கள், கடைசி வார நிகழ்வுவரை சேர்க்கிறார்கள். அந்த நாட்களில் நான் சொல்வது ஒன்றுதான்: புதிதாக எதுவும் சேர்க்காமல், இருக்கும் பக்கங்களை எடுத்து, தீர்ப்பு மேல்முறையீட்டில் மாறியிருக்கிறதா, மசோதா சட்டமாகியிருக்கிறதா, திட்டம் விரிவாகியிருக்கிறதா, நின்றுபோயிருக்கிறதா என்று மட்டும் சரிபாருங்கள். மாறியிருந்தால் அந்தப் பக்கத்தின் தீர்வு வரியையும் சேர்த்து மாற்றி எழுதுங்கள்.